சாலையின் வேகத்தை யார் முடிவு செய்வது?

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். ஓரத்து மரங்களில் பெயின்டால் எண் போட்டாகிவிட்டது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "மரத்தை விட்டுட்டு ரோடு போட முடியாதா சார்?" என்று கேட்கிறார். "முடியாதுங்க ஐயா, ஸ்டாண்டர்டு அப்படி" என்கிறார் பொறியாளர். பெரியவர் உட்கார்ந்துவிடுகிறார். ஸ்டாண்டர்டு என்று சொன்ன பிறகு அதற்கு மேல் என்ன பேசுவது?

பேச நிறைய இருக்கிறது. பொறியாளர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் அளவுகள் இயற்பியலிலிருந்தும் விபத்துகளிலிருந்தும் வந்தவை. ஆனால் அந்த அளவுகளில் பெரும்பாலானவை, முன்பே எடுத்த வேறொரு முடிவிலிருந்து கிளைத்தவை. அந்த முடிவை எடுத்த நாளில் பெரியவரை யாரும் கூப்பிடவில்லை. பொறியியலும் ஊர்மக்கள் தேவையும் முட்டிக்கொள்வதாக நாம் நினைக்கிற பல இடங்களில் கதை இதுதான்.

அந்த முதல் முடிவுக்குப் பெயர் வடிவமைப்பு வேகம். இந்தச் சாலையில் வண்டிகள் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் பாதுகாப்பாகப் போக வேண்டும் என்று காகிதத்தில் முதலில் எழுதும் எண். மற்றவை அதன் பின்னால் வரிசையாக வரும்.

கணக்கு எப்படி ஓடுகிறது

வண்டி ஓட்டுகிறவர் எதிரே ஏதோ கிடப்பதைப் பார்க்கிறார். அது என்னவென்று புரிந்து, பிரேக்கில் கால் வைக்கிறார். இதற்கு 2.5 விநாடி என்று அமெரிக்க நெறிமுறை எடுத்துக்கொள்கிறது. நம்மில் பலர் அதற்கு முன்பே பிரேக்கை மிதித்திருப்போம். ஆனால் அதே சாலையில் முதியவரும் ஓட்டுவார், களைத்துப் போனவரும் ஓட்டுவார். அதனால் எண்ணைத் தாராளமாக வைத்திருக்கிறார்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் அந்த 2.5 விநாடியில் சுமார் 35 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 29 மீட்டர். கூட்டி, முழு எண்ணாக்கி 65 மீட்டர் என்று வைக்கிறார்கள். 100 கி.மீ. வேகத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 185 மீட்டர் வருகிறது. வேகம் இரண்டு மடங்கு, தூரம் ஏறக்குறைய மூன்று மடங்கு. அத்தனை தூரத்துக்கு ஓட்டுநரின் கண்ணை மறைக்கும் மேடு, சுவர், புதர் எதுவும் இருக்கக்கூடாது.

வளைவுக்கு வந்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். வண்டி வெளியே தூக்கி எறியப்படாமல் இருக்க, வளைவின் ஆரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர வேண்டும். வெளிவிளிம்பை 4 சதவீதம் உயர்த்திக் கட்டிய சாலையில் 50 கி.மீ. வேகத்துக்குக் குறைந்தபட்ச ஆரம் 86 மீட்டர், 80 கி.மீ. வேகத்துக்கு 280 மீட்டர்.

ஒரு தாளை எடுத்து இதை வரைந்து பார்க்கலாம். இரண்டு சாலைகள் செங்கோணத்தில் சந்திக்கும் ஒரு முனை. அங்கே திரும்ப 86 மீட்டர் ஆரம் போதுமென்றால், முனைக்கு 86 மீட்டர் முன்னால் சாலை வளையத் தொடங்கி, முனையிலிருந்து உள்பக்கமாக 36 மீட்டர் தள்ளிப் போகும். ஆரம் 280 என்றால் 280 மீட்டர் முன்பே வளைய வேண்டும். உள்பக்கமாக 116 மீட்டர் வெட்டிக்கொண்டு போகும். அந்த 36க்கும் 116க்கும் இடையில் யாருடைய வீடு இருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறது, எத்தனை மரம் நிற்கிறது என்பதுதான் பிறகு கூட்டத்தில் வந்து நிற்கிற கேள்வி.

80 என்று எழுதிய பிறகு 280ஐக் குறைக்கச் சொல்வது வீண் வேலை. எந்த மனுவும் மையவிலக்கு விசையைக் குறைக்காது. குறைத்துக் கட்டினால் மழை நாளில் ஒரு குடும்பம் தடுப்பில் மோதும். ஆக, மரத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி "ஏன் 280?" என்பதில்லை. "ஏன் 80?" என்பதுதான். இதற்குப் பதில் எந்த இயற்பியல் சூத்திரத்திலும் கிடையாது. இந்த இடத்தை வேகமாகக் கடந்து போக வேண்டுமா, இங்கே நின்று வாழ வேண்டுமா என்ற தேர்வு அது. பொறியாளர் ஒவ்வொரு வேகத்துக்கும் என்ன செலவு, யாருக்கு எவ்வளவு நேரம் மிச்சம், எவ்வளவு நிலம் போகும் என்று கணக்குப் போட்டுத் தரலாம். தேர்வு செய்கிற உரிமை அவருக்கு மட்டும் உரியதல்ல.

பலகை சொல்வது ஒன்று, சாலை சொல்வது இன்னொன்று

இங்கே ஒரு சமரசம் எல்லோருக்கும் தோன்றும்: சாலையை 80க்கே கட்டிவிட்டு, குடியிருப்பு வரும் இடத்தில் '40' என்று பலகை வைத்துவிட்டால் என்ன? நடக்காது. நேராக, அகலமாக, ஓரத்தில் எதுவுமில்லாமல் கிடக்கும் சாலையில் கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தும். பெரும்பாலானோர் பலகையைப் படித்து ஓட்டுவதில்லை, சாலையைப் படித்துத்தான் ஓட்டுகிறார்கள். பாதுகாப்புக்காகச் சேர்த்த தாராளம் வேகமாக மாறிச் செலவாகிவிடுகிறது.

வேகத்தின் விலை என்ன? சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான அபாயம் சுமார் 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் வெளியான சாலைப் பாதுகாப்புப் பிரகடனம், நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வண்டிகளும் அடிக்கடி கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கி.மீ. என்ற வரம்பை வலியுறுத்தியது.

சரி, சாலையையே 30 அல்லது 40 என்று சொல்ல வைப்பது எப்படி? வழிகள் ஒன்றும் மர்மமில்லை. தடத்தின் அகலத்தைக் குறைக்கலாம். நேர்க்கோட்டை லேசாக ஒடிக்கலாம். கிராசிங்கை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தலாம். மரங்களை ஓரக்கல்லுக்கு அருகில் வைக்கலாம். வேகத்தடையும் ஒரு வழிதான், ஆனால் எனக்கு அது கடைசி வழி. சாலையைத் தவறாகக் கட்டிவிட்டோம் என்று தார் போட்டு எழுதி வைப்பது போல இருக்கும்.

தடத்தின் அகலத்தை மட்டும் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்க நெறிமுறையில் நெடுஞ்சாலைத் தடம் 3.6 மீட்டர் என்பது மனப்பாடமான அளவு. நான்கு தடம் என்றால் 14.4 மீட்டர். ஊருக்குள் தடத்தை 3 மீட்டராக்கினால் 12 மீட்டர். வித்தியாசம் 2.4 மீட்டர்; ஒரு நல்ல நடைபாதையே அதில் வந்துவிடும். கடப்பவரின் பக்கம் நின்று பார்த்தால், விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் திடகாத்திரமானவருக்கு 12 விநாடி 10 ஆகிறது. தடி ஊன்றி விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 18 விநாடி 15 ஆகிறது. நடுவில் நின்றுகொள்ள ஒரு திட்டு வைத்தால் அந்தப் பதினைந்தும் இரண்டு ஏழரையாகப் பிரிந்துவிடும்; ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் பார்த்தால் போதும். வண்டி ஓட்டுகிறவருக்கு ஏறக்குறைய எந்த நஷ்டமும் இல்லை.

இதெல்லாம் விதிமீறலா என்றால், இல்லை. அமெரிக்காவில் ஆஷ்டோ என்ற மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் கூட்டமைப்பு வெளியிடும் நெறிமுறை நூல் ஒன்று உண்டு. அட்டை நிறத்தால் அதற்குப் பச்சைப் புத்தகம் என்றே பெயர். தடத்தின் அகலம் சாலையின் தன்மைக்கு ஏற்ப 2.7 மீட்டரிலிருந்து 3.6 மீட்டர் வரை இருக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. அளவு என்று நமக்குச் சொல்லப்படுவது பல நேரம் அளவுகளின் எல்லை. அதில் மேல்முனையை மட்டும் எடுத்துக்கொள்வது பழக்கம். அதிக அளவைப் போட்டதற்காக எந்தப் பொறியாளரையும் யாரும் விசாரிப்பதில்லை என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லைக்கும் வெளியே போக வேண்டியிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. எந்த அளவிலிருந்து விலகுகிறோம், ஏன், விலகலின் அபாயத்தை எப்படி ஈடுகட்டுகிறோம் என்று எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். இதை வடிவமைப்பு விதிவிலக்கு என்பார்கள். அமெரிக்கக் கூட்டரசின் நெடுஞ்சாலை நிர்வாகம் 1985 முதல் 13 அளவுகளுக்கு இந்த எழுத்து வேலையைக் கட்டாயமாக்கியிருந்தது. 2016இல் அதைத் தளர்த்தியது. தேசிய நெடுஞ்சாலை அமைப்பில், மணிக்கு 50 மைலுக்குக் குறைந்த, அதாவது சுமார் 80 கி.மீ.க்குக் குறைந்த வடிவமைப்பு வேகமுள்ள சாலைகளில் இப்போது இரண்டே அளவுகளுக்குத்தான் அது வேண்டும்: வடிவமைப்பு வேகம், பாலம் தாங்க வேண்டிய பாரம். எது உண்மையிலேயே வளையாதது என்று அவர்களே வடிகட்டிப் பார்த்தபோது மிஞ்சியவை இவை.

முப்பதாவது மணி நேரம்

வேகத்தைப் போலவே அமைதியாக எடுக்கப்படும் இன்னொரு முடிவு, எந்த நேரத்துக் கூட்டத்துக்குச் சாலையைக் கட்டுவது என்பது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் எத்தனை வண்டி போகிறது என்று எண்ணி, அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்தினால், முதல் சில மணி நேரங்கள் மலை உச்சி போல் செங்குத்தாக இருக்கும், பிறகு சமவெளி. ஊர்ப்புறச் சாலைகளில் முப்பதாவது இடத்துக்குப் பக்கத்தில் அந்தச் சரிவு தணியும். அதனால் அந்த முப்பதாவது மணி நேரத்தின் கூட்டத்துக்கு, அதுவும் இருபது ஆண்டு கழித்து வரக்கூடிய கூட்டத்துக்கு, சாலையைக் கட்டுவது வழக்கமாகிவிட்டது.

இரண்டு நகரங்களுக்கு நடுவே வெட்டவெளியில் ஓடும் சாலைக்கு இது நியாயமான கணக்குதான். கடைத்தெருவுக்குப் பொருத்திப் பார்த்தால் விபரீதம் புரியும். ஆண்டில் 8,700 மணி நேரத்துக்கும் மேல் அந்தத் தெரு தேவையைவிட அகலமாகக் கிடக்கும். அந்த நேரம் முழுவதும் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அதைக் கடக்க வேண்டியவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள்.

மூன்றாவது முடிவு, எந்த வண்டிக்காகக் கட்டுவது என்பது. மிகப் பெரிய கன்டெய்னர் லாரி தன் தடத்தை விட்டு விலகாமல் திரும்ப வேண்டும் என்றால் தெருமுனையைப் பெரிய வட்டமாகச் சீவ வேண்டும். சீவினால் நடப்பவர் கடக்க வேண்டிய தூரம் நீளும். சின்னக் கார்களும் பிரேக் தொடாமல் திரும்பும். அந்த லாரி தினமும் வருகிறதா, மாதத்துக்கு ஒருமுறை விடிகாலையில் வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்தால் போதும். எப்போதாவது வருகிற லாரி பக்கத்துத் தடத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டுப் போகட்டும். ஆனால் தீயணைப்பு வண்டிக்கு இந்தச் சலுகைப் பேச்சு கூடாது. அது எந்த நேரத்திலும் நுழைய முடிய வேண்டும். அந்த நிலையத்தில் இருப்பவர்களை வரைபடத்தின் முன் உட்கார வைத்துக் கேட்பதுதான் சரி.

ஒரு கல்சுவரின் கதை

இப்படிச் சாலை போடும் முறைக்கு அமெரிக்காவில் சூழலுக்கேற்ற வடிவமைப்பு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். 1997இல் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம், நெறிமுறைக்குள்ளேயே எவ்வளவு நெகிழ்வு இருக்கிறது என்று காட்டும் ஒரு கையேடு வெளியிட்டது. 1998 மே மாதம் மேரிலாண்டில் ஒரு பெரிய பயிலரங்கு நடந்தது. அதன் பிறகு கனெக்டிகட், கென்டக்கி, மேரிலாண்ட், மினசோட்டா, யூட்டா ஆகிய ஐந்து மாநிலங்கள் முன்னோடியாக இதைச் செய்து பார்க்க முன்வந்தன. நெதர்லாந்துக்காரர்கள் வேறு வழியில் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். டெல்ஃப்ட் நகரில் 1960களின் கடைசியில் குடியிருப்புத் தெருக்களை, கார் நடை வேகத்தில் மட்டுமே போக முடிகிற முற்றங்களாக மாற்றினார்கள். வூனெர்ஃப் என்ற அந்த வகைத் தெருவுக்கு 1976இல் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது.

கென்டக்கிக்கு வருவோம். லெக்சிங்டன் நகரையும் பாரிஸ் என்ற சிற்றூரையும் இணைக்கும் பாரிஸ் பைக் என்ற சாலை, குதிரைப் பண்ணைகளுக்கு நடுவே போகிறது. நீளம் சுமார் 20 கிலோமீட்டர். இருவழித் தடம், கூட்டம் அதிகம், விபத்தும் அதிகம். நான்கு வழியாக்கத்தான் வேண்டும் என்பதில் துறைக்குச் சந்தேகமில்லை. ஆனால் இருபுறமும் சாந்து இல்லாமல் அடுக்கிய பழைய சுண்ணாம்புக்கல் சுவர்கள், பெரிய மரங்கள், தலைமுறைகளாக இருக்கும் பண்ணைகள். வழக்கமான முறையில் அகலப்படுத்தினால் இவை எதுவும் மிஞ்சாது. வழக்கு போட்டார்கள், 1979இல் நீதிமன்றம் தடை விதித்தது. சாலை வேலை ஆண்டுக்கணக்கில் நின்றது.

கடைசியில் கட்டியதைப் பார்த்தால் எந்தப் பக்கமும் தோற்கவில்லை. நான்கு தடம் வந்தது. ஆனால் போகும் பாதையையும் வரும் பாதையையும் ஒட்டி வைக்காமல், இரண்டு தனித்தனிச் சாலைகள் போல நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடி விட்டார்கள். நடு இடைவெளி ஓரிடத்தில் அகலும், ஓரிடத்தில் குறுகும். ஒரு மரக்கூட்டம் வந்தால் அது நடுவில் தங்கிவிடும். பாதுகாப்புத் தடுப்பு எஃகுதான், வெளியே தெரிவது மரம். சாலையோரத்தில் புல். தடத்தில் வந்த கல்சுவர்களைப் பிரித்து, அந்த வேலை தெரிந்த கொத்தர்களைக் கொண்டு தள்ளி மறுபடி அடுக்கினார்கள். நேர் எதிர் மோதல் என்ற பெரிய ஆபத்து, பாதைகளைப் பிரித்ததாலேயே குறைந்துவிடுகிறது. அழகுக்காகச் செய்ததாகத் தெரிகிற வேலைதான் பாதுகாப்பு வேலையும்.

மொன்டானாவில் ஃபிளாட்ஹெட் பழங்குடியினர் நிலத்தின் வழியே போகும் யு.எஸ். 93 சாலையிலும் இதே போன்ற இழுபறி. அகலமான சாலை வந்தால் தங்கள் நிலமும் விலங்குகளும் என்ன ஆகும் என்று சாலிஷ், கூட்டனாய் மக்கள் கேட்டார்கள். 2000 டிசம்பரில் பழங்குடி அரசு, மாநிலத் துறை, கூட்டரசு மூன்றும் உடன்பட்டன. இந்த நிலத்தில் சாலை ஒரு விருந்தாளி, விருந்தாளி போல நடந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே வடிவமைப்பின் அடிப்படை. சுமார் 90 கி.மீ. நீளத்தில் விலங்குகளும் மீன்களும் கடக்க நாற்பது வாக்கில் அமைப்புகள் கட்டினார்கள். எல்லா இடத்திலும் நான்கு வழி என்ற பேச்சு போய், முந்திச் செல்லும் தடம் தேவைப்படும் இடத்தில் மட்டும் வந்தது. ஊர்ப் பலகைகளில் அவர்கள் மொழியும் ஏறியது.

ஊர் என்பது ஒரே குரல் இல்லை

இதுவரை படித்தவருக்கு, மக்கள் சொல்வதைக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியிருக்கலாம். அப்படியும் இல்லை. கடைக்காரர் வாசலில் வண்டி நிறுத்த இடம் கேட்பார். அந்த இடத்தில்தான் சைக்கிள் பாதை வர வேண்டும் என்பார் இன்னொருவர். தன் தெருவில் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறவரே அடுத்த தெருவில் வேகமாகப் போவார். கூட்டத்துக்கு வருகிறவர்கள் வர முடிந்தவர்கள் மட்டுமே. பகலில் வேலைக்குப் போகிறவர், வீட்டை விட்டு நகர முடியாதவர், பள்ளிப் பிள்ளைகள் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள். சாலையை அதிகம் நடந்து பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

நெதர்லாந்தின் ட்ராக்டன் நகரச் சந்திப்பில் சிக்னல்களை எடுத்துவிட்டுத் திறந்த சதுக்கமாக்கிய ஹான்ஸ் மாண்டர்மன் என்ற போக்குவரத்துப் பொறியாளரின் கருத்து உலகம் முழுக்கப் பரவியது: ஓட்டுகிறவரும் நடப்பவரும் கண்ணால் பார்த்துப் பேசிக்கொள்வார்கள், வேகம் தானாகக் குறையும். பல இடங்களில் குறைந்தது. ஆனால் கண்ணால் பேச முடியாதவர் என்ன செய்வார்? பார்வையற்றவர்கள் ஓரக்கல்லைத் தடியால் தட்டித்தான் சாலை எங்கே தொடங்குகிறது என்று அறிகிறார்கள். ஓரக்கல்லே இல்லாமல் சமதளமாக்கிய தெருக்களுக்கு எதிராக அவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2018இல் பிரிட்டன் அரசு, அத்தகைய சமதளத் திட்டங்களை நிறுத்திவைக்கும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. நல்ல எண்ணத்தோடு செய்த வடிவமைப்பிலும் யாரைக் கேட்கவில்லை என்று தேட வேண்டியிருக்கிறது.

மக்கள் கேட்டாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் உண்டு. வளைவில் பார்வையை மறைக்கும் சுவரை, அது எவ்வளவு பழையதானாலும், அந்த வேகத்தில் அங்கேயே விட முடியாது: சுவரை நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தை உண்மையிலேயே குறைக்க வேண்டும். மழைநீர் வடியும் சரிவில் கைவைக்க முடியாது. பாலத்தின் பாரத்தில் பேரமே இல்லை.

ஆகவே எந்த வரிசையில் பேசுவது என்பதுதான் விஷயம். கோடு போட்ட வரைபடத்தோடு வந்து கருத்துக் கேட்டால், கருத்துச் சொல்ல மிச்சமிருப்பது மரத்தின் எண் மட்டுமே. கோடு போடுவதற்கு முன்னால், இங்கே என்ன வேகம் வேண்டும், எந்த வண்டிக்கு, எந்த நேரத்துக்கு என்று கேட்டால் கோடே வேறாக விழும். அந்தப் பெரியவரும் மறுபடி எழுந்து, "இதுக்கு எவ்வளவு ஸ்பீடு போட்டிருக்கீங்க? யார் போட்டது? பத்து குறைச்சா எத்தனை மரம் மிஞ்சும்?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய கேள்விகள் இவை. நல்ல பொறியாளருக்கு இப்படிக் கேட்டால் பிடிக்கவே செய்யும்.

அப்புறம், கூட்ட அறையை விட்டு வெளியே வர வேண்டும். காலையில் ஒருமுறை, பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை என்று அதே சாலையில் பொறியாளரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடந்தால் வரைபடத்தில் இல்லாதவை தெரியும். சாலை நடுவே செடி வைத்த தடுப்பில் ஓரிடத்தில் மட்டும் செடி செத்து, மண் கெட்டிப்பட்டு, ஒரு சாண் அகலத்துக்கு மொட்டையாக இருக்கும். ஜீப்ரா கிராசிங் அங்கிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, பெயின்ட் கலையாமல் புதிதாக இருக்கும். விதி மீறுகிறார்கள் என்று அந்த மொட்டை இடத்தில் கம்பி வேலி போடலாம். ஒரு மாதத்தில் கம்பியை யாராவது வளைத்துவிடுவார்கள். டேப்பைப் பிடித்து அந்த இடத்தை அளந்து, இரு பக்கமும் 65 மீட்டருக்குப் பார்வை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கிராசிங்கை அங்கே வரைந்துகொள்ளலாம்.